பிலேமோனுக்குப் போன கடிதமும் கங்காணி வீட்டுப் பிரம்பு நாற்காலியும்

ஓடிப்போன ஆளைச் சமாதானம் சொல்லி எஜமானிடம் திருப்பி அனுப்புகிற கடிதம்தான், வேதத்தில் வருகிற, பவுல் பிலேமோனுக்கு எழுதிய கடிதம் என்று நான் ஒன்பது வருஷம் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் பிரசங்கமாகவும் செய்தேன். "ஓடினவன் திரும்பினான்! நீ எப்போது திரும்பப் போகிறாய்?" என்று நான் கையை நீட்டிக் கேட்கும்போது, முன்னால் சாய்வு நாற்காலியில் இருக்கும் பெரிய கங்காணி தலையை மெல்ல ஆட்டுவார். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் கோழிக் குழம்பு வரும். கோழிக் குழம்பு கொண்டுவருகிற வியாக்கியானம் தப்பாக இருக்க முடியாது என்பது என்னுடைய அப்போதைய இறையியல்.

தேயிலைத் தோட்டங்களுக்கு உபதேசியார்களாகப் புதிதாகப் போகிற தம்பிமாருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மிஷனில் கேட்டார்கள். முழங்கால் மலை ஏற மறுத்ததால், ஐம்பது வயதாகும் முன்பே இந்த வேலையை விட்டுப் பண்டாரவளையில் உட்கார்ந்திருக்கிறவன் நான். ஜெபம் நடத்துவது, பதிவேடு எழுதுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்லப் போவது என் கால் நடுங்கிய கதை. மற்றக் காலில் மாவுக்கட்டு இருந்ததால் நடுங்கியது ஒரு கால்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை, கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

இலங்கைச் சட்டம் எங்கள் ஆட்களின் ஓட்டைப் பறித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. நமுனுகுலப் பக்கம் நான் இருந்த தோட்டத்துக்குத் தொழிற்சங்கம் இன்னும் ஏறி வரவில்லை. துரை பங்களாவில் இருந்தார். ஆட்கள் லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே, ஆட்களைக் கட்டி மேய்க்கிற பெரிய கங்காணி தேவசகாயம் இருந்தார். துரை காதில் முதலில் விழுவது அவர் சொல்தான். பெரும்பாலும் கடைசியில் விழுவதும் அதுதான்.

கோயில் கட்டடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கங்காணி வீட்டு மண்டபத்தில்தான் சபை கூடும். கங்காணிக்கு எழுத்து வாசனை இல்லை. அவர் மனைவி எஸ்தர் அம்மா பதுளையில் படித்தவர். வேதம் வாசிப்பது அவர்தான். கங்காணியின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிரம்பு நாற்காலி. கணக்கப்பிள்ளை குடும்பத்துக்கு பெஞ்சு. லயத்து ஆட்கள் வாசற்படிக்கு அந்தப் பக்கம், விறாந்தையில், சாக்கு விரித்து உட்காருவார்கள். ஆராதனை முடிந்ததும் தேநீர் வரும். எனக்கு நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை. விறாந்தைக்காரர்கள் தங்கள் தகரக் குவளையை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, "கிறிஸ்துவுக்குள் நாம் எல்லோரும் ஒன்று" என்று பேசியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். நீங்களும் ஏதோ ஒரு நாற்காலியில் உட்காரத்தான் போகிறீர்கள்.

அந்தத் தோட்டத்தில் மாரிமுத்து என்று ஓர் ஆள். நம்முடைய சபை இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மேளம் அடிக்கிறவன். காலையில் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுவான். மத்தியானத்துக்குப் பிறகு கங்காணி வீட்டு மாடுகளுக்குப் புல் அறுத்துப்போட்டு மேய்க்க வேண்டும். ஒரு நாள் கூலியைத் தோட்டத்தில் 'பேர்' என்பார்கள். மாடு மேய்க்கிறதுக்குப் பேர் கிடையாது. ஏன் கிடையாது என்று யாரும் கேட்டதும் கிடையாது.

ஒருநாள் மழையில் கங்காணியின் கறவை மாடு கரை சறுக்கி ஓடைக்குள் விழுந்து கழுத்து முறிந்து செத்தது. மாரிமுத்து மேலே நின்று பார்த்தான். அப்படியே திரும்பி, வீட்டுக்குக்கூடப் போகாமல், பசறை ரோட்டைப் பார்த்து ஓடிவிட்டான்.

இது நடந்தபோது நான் பதுளை ஆஸ்பத்திரியில் வலது காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். ஊழியத்தின்போது விழுந்த காயம் என்று வார்டில் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பொய் இல்லை. ஊழியத்துக்குப் போன இடத்தில் கங்காணி வீட்டு நாய் துரத்தியது, விழுந்தேன்.

மாடு செத்த மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தால், கட்டில் பக்கத்தில் மாரிமுத்து குந்தியிருக்கிறான்.

"பதுளையில உங்கள விட்டா யாரையும் தெரியாதுங்க" என்றான்.

இரண்டு நாள் என்னோடு இருந்தான். கடைத் தேநீர் வாங்கி வந்தான். என்னைத் திருப்பிப் படுக்கவைத்தான். முதுகு துடைத்துவிட்டான். சொல்லக் கூச்சப்படுகிற மற்ற வேலைகளையும் செய்தான். வெள்ளிக்கிழமை எங்கள் தோட்டத்திலிருந்து நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண் சேதி கொண்டுவந்தாள். மாட்டைத் தள்ளிக் கொன்றுவிட்டு ஓடினான் என்று கங்காணி பேசித் திரிகிறார். லயத்தில் குடியிருக்கிற அறை, அதாவது காம்பரா, மாரிமுத்து பேரில் இருப்பதால், திங்கட்கிழமை காலை பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற நேரத்திலேயே, துரையிடம் சொல்லி அவன் மனைவி பார்வதியைக் கிளப்பப்போகிறார். பார்வதியிடம் ஆறு மாதக் குழந்தை.

மாரிமுத்து சொன்னான்: "போனா அடிப்பாங்க. பொலிசுலயும் குடுப்பாங்க. போகலன்னா அவ புள்ளையோட ரோட்டுல நிப்பா. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்கய்யா. கொண்டு போறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஓடிப்போன ஆள், கட்டிப்போட்டுக் கிடக்கிற ஊழியக்காரன், எஜமானுக்குக் கடிதம்! ஒன்பது வருஷப் பிரசங்கம் நேரில் வந்து குந்தியிருக்கிறது. தலையணைக்கு அடியிலிருந்து வேதத்தை எடுத்தேன்.

"இதே மாதிரி முன்னாடியே நடந்திருக்கு, கேளு" என்று ஆரம்பித்தேன். பவுல் காவலில் இருக்கிறார். கொலோசே ஊரில் பிலேமோன் என்று ஒரு வசதியானவர். பவுலால் விசுவாசத்துக்கு வந்தவர். அவர் வீட்டில்தான் சபை கூடுகிறது. அவருடைய அடிமை ஒநேசிமு. அவன் எப்படியோ எஜமானை விட்டுப் பிரிந்து பவுலிடம் வந்து சேர்கிறான். காவலில் இருக்கிறவருக்குக் கையும் காலுமாக இருக்கிறான். அவனைப் பவுல் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார். கதையைச் சொல்லிவிட்டு, கடிதத்தையும் முழுக்க வாசித்தேன். ஒரு பக்கம்தானே; தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

மாரிமுத்து கேட்டான்: "அந்த ஆளு ஏன் ஓடினான்?"

"அது எழுதல."

"எழுத மாட்டாங்க" என்றான். பிறகு, "கடுதாசிய யாரு கொண்டுபோனா?"

"அவனேதான் கொண்டுபோயிருக்கணும். கூட இன்னொருத்தரும் போனாரு."

"அப்ப வழியில கிழிச்சு ஆத்துல போட்டிருக்கலாமே?"

"போடலையே! அதுதான் அவனோட கீழ்ப்படிதல்" என்றேன், பிரசங்கக் குரலில்.

"அது இல்லங்க. உள்ள என்னா எழுதியிருக்குன்னு அவனுக்குத் தெரியும். நீங்க வருசா வருசம் கங்காணி வூட்டுல சொல்றது மட்டும் அதுல இருந்திருந்தா, கட்டாயம் ஆத்துல போட்டிருப்பான்."

மாடு கட்டிக்கொண்டே ஒன்பது வருஷமும் இவன் என் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யாரு யாருக்கு எழுதியிருக்குன்னு இன்னொருக்கா வாசிங்க" என்றான்.

வாசித்தேன். பிலேமோனுக்கு, அப்பியாள் என்ற அம்மாவுக்கு, அர்க்கிப்புக்கு, உன் வீட்டில் கூடுகிற சபைக்கு.

"வூட்டுல கூடுறவங்களுக்குமா? அப்ப எல்லாரு முன்னாடியும்தான வாசிச்சிருப்பாங்க? எசமான் தனியா படிச்சுட்டு மடிச்சு வைக்க முடியாதுல்ல?"

தம்பிமாரே, ஒன்பது வருஷமாக நான் அந்த முதல் வரிகளை விலாசம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். கடிதத்தின் பலம் முழுக்க அங்கேதான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் மற்றதெல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. கட்டளையிட எனக்கு உரிமை உண்டு, ஆனாலும் அன்பினால் கேட்கிறேன் என்கிறார் பவுல். எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டால் மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள். இனி அவன் அடிமை மாதிரி வேண்டாம், அன்பான சகோதரனாக வைத்துக்கொள் என்கிறார். கோயிலில் மட்டும் சகோதரன், வெளியே பழைய ஆள் என்று தப்பிக்க வழி விடவில்லை. சரீரத்திலும் சரி, கர்த்தருக்குள்ளும் சரி என்று இரண்டு பக்கமும் கதவைச் சாத்துகிறார். அவனால் நஷ்டம் உண்டானால் என் கணக்கில் வை என்கிறார். என்னை ஏற்றுக்கொள்வது போல அவனை ஏற்றுக்கொள் என்கிறார். கடைசியில், எனக்கும் ஓர் இடம் ஆயத்தம் பண்ணு என்கிறார். வந்து பார்ப்பேன் என்று அர்த்தம். அந்தக் கடிதம் ஓடினவனுக்குச் சொன்ன புத்தி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைத் தேடிப் போன கடிதம் அது.

இவ்வளவும் புரிந்த பிறகும் நான் எழுதிய முதல் கடிதம், 'தங்கள் பாதாரவிந்தங்களில் விழுந்து' என்று ஆரம்பித்தது.

"பாதாரவிந்தம்னா என்னங்க?"

"கால்."

"பவுலு அப்படியா எழுதினாரு?"

கிழித்துப் போட்டேன். இரண்டாவது கடிதம் இது:

'பெரிய கங்காணி தேவசகாயம் அவர்களுக்கும், எஸ்தர் அம்மாவுக்கும், உங்கள் வீட்டில் கூடும் சபைக்கும், கட்டிலோடு கட்டப்பட்டிருக்கும் உபதேசியார் எழுதுவது. இதை ஞாயிறு ஆராதனையில் எஸ்தர் அம்மா சத்தமாக வாசிக்கவும். மாடு மழையில் சறுக்கி விழுந்தது. அதற்கு நஷ்டம் கேட்டால் என் பேரில் எழுதிக்கொள்ளவும். மாரிமுத்துவை என்னை ஏற்றுக்கொள்வது போல ஏற்றுக்கொள்ள வேண்டும். எனக்குப் போடுகிற நாற்காலியை அவனுக்குப் போடவும். எனக்குத் தருகிற கோப்பையில் அவனுக்குத் தேநீர் தரவும். பார்வதியை லயத்தை விட்டுக் கிளப்பக்கூடாது. எனக்கும் ஒரு பாய் எடுத்து வைக்கவும். சீக்கிரம் வருகிறேன்.'

என் சம்பளத்தில் மாட்டின் வால்கூட வராது என்பது வேறு விஷயம்.

மாரிமுத்து கடிதத்தை மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டு சனிக்கிழமை புறப்பட்டான். நான் ஒரு வீரனாகப் படுத்திருந்தேன். அந்த வீரம் சாயங்காலத் தேநீர் வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தேன். கங்காணி மிஷன் கந்தோரில் இருக்கும் அதிகாரிகளுக்கு எழுதிப்போடுவார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள். கங்காணி வீட்டில் இனி சபை கூடாது. கோழிக் குழம்பு கிடையாது. இந்த வரிசையில்தான் யோசித்தேன் என்றால் என்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வாகச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

ஞாயிறு காலையில் முடிவெடுத்தேன். போகவேண்டும். மாரிமுத்துவைக் காப்பாற்ற என்று நினைக்காதீர்கள். வாசிப்பதற்குள் கடிதத்தைப் பிடுங்கிக்கொள்ள.

கக்கத்தில் கட்டைகளை ஊன்றி வார்டு வாசலுக்கு வந்தால், யாழ்ப்பாணத்து டொக்டர் எதிரே நிற்கிறார்.

"எங்க வெளிக்கிடுறீர்?"

"ஆராதனைக்குங்க டொக்டர்."

"உமக்கென்ன விசரே? கால் பொருந்த இன்னும் மூண்டு கிழமை கிடக்கு."

"பின்னேரம் வந்துடுவேன்."

"வாரும், வாரும். வந்தால் மற்றக் காலுக்கும் சேர்த்துக் கட்டுப் போட்டுவிடுறன்."

பஸ்ஸில் தோட்டச் சந்தி வரைக்கும் வந்துவிட்டேன். அதற்கு மேல் ஏற்றம். சந்தியில் நின்ற நாலு பேர் நோயாளியைத் தூக்குகிற தூளியைக் கொண்டுவந்து, அதில் என்னைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். லயத்து வாசலில் நின்ற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள்.

"ஐயோ, உபதேசியாரு செத்துட்டாரே!"

நான் கையைத் தூக்கி, "இன்னும் இல்லம்மா. கங்காணி வூட்டுக்குப் போய்த்தான் சாகணும்" என்றேன்.

கங்காணி வீட்டில் தூளியை விறாந்தைச் சாக்கில் இறக்கினார்கள். படி ஏறி மண்டபத்துக்குள் போக முடியவில்லை. அங்கே உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். விறாந்தையிலிருந்து பார்த்தால் மண்டபத்தில் தெரிவது கங்காணியின் முழங்காலும் என் பிரம்பு நாற்காலியின் கால்களும் மட்டும்தான். ஒன்பது வருஷமும் இவர்கள் நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டு என் பிரசங்கத்தைக் கேட்டிருக்கிறார்கள். மாரிமுத்து முற்றத்தில் நின்றான். பின்னால் பார்வதி, குழந்தையோடு.

பிடுங்குவதற்கு நேரம் தாண்டிப்போயிருந்தது. எஸ்தர் அம்மா வாசித்துக்கொண்டிருந்தார்: "எனக்குப் போடுகிற நாற்காலியை அவனுக்குப் போடவும்..."

"நிறுத்து" என்றார் கங்காணி. "இது யாரோ சங்கத்துக்காரன் எழுதிக் குடுத்தது. நம்ம உபதேசியாரு இப்படியெல்லாம் எழுதுற ஆளா? மாட்டையும் கொன்னுட்டு, கள்ளக் கடுதாசியும் கொண்டாந்திருக்கான்!"

அவருக்குத் தெரியாமலே எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். 'இல்லை' என்று ஒரு சொல் போதும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பலாம், நாற்காலி மிஞ்சும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் மாரிமுத்து மாட்டைக் கொன்றவன் மட்டும் இல்லை, கள்ளக் கடிதம் கொண்டுவந்தவனும் ஆகிவிடுவான். அவன் இந்தக் கடிதத்தைப் பசறை ரோட்டில் எந்த ஓடையிலும் போட்டிருக்கலாம். போடாமல் கொண்டுவந்து எஸ்தர் அம்மா கையில் கொடுத்துவிட்டு நிற்கிறான்.

"உபதேசியாரு இங்கதான் இருக்காருங்க" என்று விறாந்தையில் யாரோ சொன்னார்கள். கங்காணி எழுந்து வந்து வாசற்படியில் நின்றார்.

"சொல்லுங்க உபதேசியாரே. இது உங்க எழுத்தா?"

என் குரல் கொசு மாதிரி வந்தது. "என் எழுத்துதாங்க. ஒரு வரி மட்டும் விட்டுப்போச்சு."

"என்னா வரி?"

"நாயக் கட்டிப்போடணும்னு எழுத மறந்துட்டேன்."

விறாந்தையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு இன்னும் நாலு பேர். அந்த வீட்டு விறாந்தையில் அதுவரை யாரும் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரைக்கும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பயப்பட எனக்கு வெட்கமாகிவிட்டது.

"உங்கள இனி இந்தத் தோட்டத்துக்குள்ள ஏத்தமாட்டேன்" என்றார் கங்காணி.

"ஏத்தாதீங்க. மீதிய வாசிக்கச் சொல்லுங்க."

"நான் நிறுத்தச் சொன்னேன்!"

அப்போது உள்ளேயிருந்து எஸ்தர் அம்மாவின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை. "இந்தாங்க, இது உங்களுக்கு மட்டும் வந்த கடுதாசி இல்ல. எம்பேரும் போட்டிருக்கு. இவங்களுக்கும்னு போட்டிருக்கு." சொல்லிவிட்டு நாற்காலியில் தொடங்கி, கோப்பை, லயம், பாய் வரைக்கும் வாசித்து முடித்தார்.

தோட்டத்து விஷயத்தில் தலையிடாதே, ஆத்துமாவைப் பார்த்துக்கொள் என்று உங்களுக்கும் சொல்வார்கள். ஆத்துமா லயத்துக் காம்பராவில்தான் குடியிருக்கிறது என்று பதில் சொல்லுங்கள். ஓடிப்போனவர்களுக்கு வாசித்துக்காட்டு என்று இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தால், அதை வாங்கி, உங்களிடம் கொடுத்தவருக்கே வாசியுங்கள். முதல் வரியிலிருந்து, கூட்டத்தில், சத்தமாக. கால் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற காலோடும் வாசிக்கலாம். நான் வாசிக்கக்கூட இல்லை, சாக்கில் உட்கார்ந்துதான் இருந்தேன்.

கடிதத்தைப் படித்த பிலேமோன் கடைசியில் என்ன செய்தார் என்று வேதத்தில் இல்லை. விடுதலை கொடுத்திருப்பார் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் தோட்டத்தில் நடந்தது மட்டும் தெரியும்.

கங்காணி வாசற்படியிலிருந்து திரும்பிப் பின்கட்டுக்குப் போனார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. எஸ்தர் அம்மா நீலப்பூக் கோப்பையில் தேநீர் கொண்டுவந்தார். மாரிமுத்து பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து அதைக் குடித்தான். நான் பார்வதியின் தகரக் குவளையில் குடித்தேன். திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி துரையிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுக்கு என்னிடம் யாரும் நஷ்டம் கேட்கவில்லை. அடுத்த மாதம் என்னை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். மாரிமுத்து கடைசிவரை மாரியம்மனுக்குத்தான் மேளம் அடித்தான். கங்காணி வீட்டு மாட்டுக்கு அவன் அதற்குப் பிறகு புல் அறுக்கவில்லை. பார்வதி அந்தக் காம்பராவை விட்டுப் போகவில்லை.